இதயத்துக்குள் கதீட்டர் (மெல்லிய குழாய்) செலுத்த எக்ஸ்ரேதான் வேண்டுமா, எம்.ஆர்.ஐ. போதாதா?

காந்தப்புலம்:
1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். இத்தனை காலம் ஆகியும், கதீட்டர் செலுத்தும் அறையான கேத் லேபில் அதே எக்ஸ்ரேதான். அதில் இதயத் தசை தனியாகத் தெரியாது, வால்வு தெரியாது. அயோடின் சாயம் செலுத்தினால் சில நொடிகளுக்கு உள்ளறையின் வடிவம் தெரியும், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ.யில் சுவர், வால்வு, ரத்த ஓட்டம் எல்லாமே தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. லண்டன் குழு ஒன்று, பிறவி இதயக் குறை உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. துணையோடு கதீட்டர் செலுத்தியதை 2003-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டது. பிறகும் ஏன் இது பரவலாகவில்லை?

கேத்லேப் ஆசாமி:
ஏன் என்று நான் சொல்கிறேன். கரோனரியில், அதாவது இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனியில், நாங்கள் ஓட்டுகிற கைடுவயரின் (வழிகாட்டிக் கம்பி) தடிமன் 0.36 மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் அதன் நுனி வளைவது வரை திரையில் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளியே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு, குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறீர்களா? மாரடைப்போடு நடுராத்திரியில் வருகிறவரைக் காப்பாற்றுவது நீங்கள் இளக்காரமாகச் சொல்லும் அந்த எக்ஸ்ரே நிழற்படம்தான்.

காந்தப்புலம்:
கரோனரிக்கு யார் கேட்டார்கள் சார்? நான் பேசுவது வலது பக்க இதயத்தை அளப்பது பற்றி. நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பைக் கண்டுபிடிக்க, கதீட்டரில் கிடைக்கும் அழுத்த வித்தியாசத்தை ரத்த ஓட்டத்தால் வகுக்கிறோம். அழுத்தம் நேரடி அளவு, அதில் சண்டை இல்லை. ஓட்டத்துக்கு என்ன செய்கிறீர்கள்? ஃபிக் முறை, அதாவது ஆக்சிஜன் கணக்கை வைத்து ஓட்டத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு நோயாளி எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார் என்று தெரிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதை அளப்பதில்லை, வயது, எடை போன்றவற்றை வைத்து அட்டவணையில் இருந்து எடுத்துப் போடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அந்த எண் எவ்வளவு பொருந்தும்? எம்.ஆர்.ஐ. அந்த ஓட்டத்தை நேராக அளந்துவிடும், அதுவும் இடது நுரையீரலுக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு என்று பிரித்தே. வகுக்கிற எண் தப்பானால், இதயத்தில் உள்ள ஓட்டையை மூடலாமா கூடாதா என்ற முடிவே தப்பாகிவிடும்.

கேத்லேப் ஆசாமி:
கணக்கு சரிதான். ஆனால் அழுத்தத்தை அளக்க நுரையீரல் தமனிக்குக் கதீட்டர் போய்ச் சேர வேண்டுமே! வீங்கிப்போன வலது கீழறையில் நுனியில் பலூன் உள்ள கதீட்டர் சுற்றிச் சுற்றி வரும், உள்ளே ஒரு வயர் இருந்தால்தான் திருப்ப முடியும். நீளமான உலோக வயர் எம்.ஆர்.ஐ.க்குள் ஆன்டெனா மாதிரி ரேடியோ அலையைப் பிடித்து நுனியில் சூடாகும். அந்த நுனி இருப்பது இதயத்துக்குள்.

காந்தப்புலம்:
அதற்காகவே உலோகம் இல்லாத, கண்ணாடி இழை வயர்கள் வந்திருக்கின்றன. பலூனில் நீர்த்த கடோலினியம் (எம்.ஆர்.ஐ. சாயம்) நிரப்பினால் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், அதைப் பின்தொடர்ந்தே நுரையீரல் தமனி வரை போகலாம். இன்னொரு வழி, காந்தப்புலத்தைக் குறைப்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 0.55 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) இயந்திரத்தில் கதீட்டர் செலுத்திக் காட்டியிருக்கிறார்கள். காந்தப்புலம் குறைந்தால் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் குறையும், வயரின் சூடு ஏறக்குறைய அந்த அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு. சாதாரண உலோக வயர்களில் சிலவற்றைக்கூடப் பயன்படுத்தலாம்.

கேத்லேப் ஆசாமி:
படத்துக்கான சிக்னலும் குறையும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்:
நான் மயக்க மருந்து கொடுக்கும் பக்கம். நீங்கள் இருவரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கதீட்டர் வலது கீழறைச் சுவரில் உரசினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கேத் லேபில், ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் கை எட்டும் தூரத்தில் நிற்கும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் அது வரக்கூடாது. ஸ்கேனை நிறுத்தி, மேசையின் கொக்கியை விடுவித்து, குழாய்கள் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்து, ஆளையே வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் ஷாக். இதைச் செய்கிற இடங்களில் இதற்கென்றே ஒத்திகை நடத்துகிறார்கள். அப்புறம் ஈசிஜி. காந்தப்புலத்தில் ஓடும் ரத்தமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி ஈசிஜி கோட்டின் எஸ்டி பகுதியைக் கோணலாக்கிவிடும். துடிப்பை எண்ணலாம், இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று அதை நம்பிச் சொல்ல முடியாது. சத்தம் வேறு. சிறப்பு ஹெட்செட் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே காதில் விழாது.

அம்மு அம்மா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒற்றைக் கீழறை இதயம். ஏற்கெனவே கேத் செய்திருக்கிறோம், இனியும் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகிறதே என்பதுதான் என் பயம். எம்.ஆர்.ஐ.யில் செய்யுங்கள் என்று கேட்கலாமா?

காந்தப்புலம்:
தாராளமாகக் கேளுங்கள் அம்மா. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அடுத்த கேத் அளப்பதற்கு மட்டுமா, இல்லை எதையாவது அடைக்கவோ விரிக்கவோ போகிறார்களா? அளப்பதற்கு மட்டும் என்றால் உங்கள் மகளைப் போன்றவர்களுக்குத்தான் இது மிகவும் பொருந்தும். உள்ளே ஏற்கெனவே காயில் (ரத்தக்குழாயை அடைக்கும் உலோகச் சுருள்) வைத்திருந்தால் அது எந்த உலோகம் என்றும் கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றால் அதைச் சுற்றிப் படம் கறுப்பாகிவிடும்.

கேத்லேப் ஆசாமி:
அம்மா, பயத்தில் எக்ஸ்ரே கேத்தைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு இப்போது நொடிக்கு எடுக்கும் படங்களைக் குறைத்து, சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட்டையும் கழற்றிவிட்டுத்தான் செய்கிறோம், அளவு நிறையக் குறைந்துவிட்டது. எவ்வளவு டோஸ் என்று இயந்திரமே பதிவு செய்யும், அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தப்புலம் சார், அளக்கப் போன இடத்தில் ஒரு குழாய் சுருங்கியிருப்பது தெரிந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைக்க என்ன செய்வீர்கள்?

காந்தப்புலம்:
இரண்டு இயந்திரமும் அடுத்தடுத்து இருக்கும் அறைகள் உண்டு. மேசையைத் தள்ளி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய், எம்.ஆர்.ஐ. படத்தை அதன்மேல் வரைபடமாக விரித்து வேலையை முடிக்கிறார்கள்.

கேத்லேப் ஆசாமி:
ஒன்று ஓடும்போது மற்றது சும்மா கிடக்கும். எந்த நிர்வாகம் இதற்கு ஒத்துக்கொள்ளும்?

காந்தப்புலம்:
நடுக்கதவை மூடிவிட்டால் மற்ற நாட்களில் அது சாதாரண ஸ்கேன் அறைதான்.

மூன்றாம் ஷிப்ட்:
கதவு இருக்கட்டும். அந்த எக்ஸ்ரே பக்கத்து டிஃபிப்ரிலேட்டரை எங்கே நிறுத்துவது, காந்தம் இழுக்கும் எல்லையைக் காட்டும் கோட்டை யார் தரையில் வரைவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன்.