பொருள்: 'சிறுநீர்ப்பை முடுக்கி' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாட்பட்ட சிறுநீர்ப்பை வலிக்குப் பிட்டத்தில் பதிக்கும் மின்கருவியைக் கையேட்டில் 'சிறுநீர்ப்பை முடுக்கி' என்று எழுதியிருக்கிறேன். இதயமுடுக்கி எல்லாருக்கும் தெரிந்த சொல். அச்சுக்குப் போகுமுன் கருத்து வேண்டும்.

——

ஐயா, முடுக்கி வேண்டாம். இதயமுடுக்கி தசையைச் சுருங்க வைக்கிறது. இந்தக் கருவி சிறுநீர்ப்பைத் தசையைத் தொடுவதே இல்லை. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் மூன்றாம் துளை வழியே செலுத்திய கம்பியின் நான்கு மின்முனைகள் நரம்பு வேரை ஒட்டி நிற்கும். மின்துடிப்பை உண்டாக்கும் துடிப்பாக்கி மேல்பிட்டத்தில் தோலுக்கு அடியில் இருக்கும். வழக்கமான அமைப்பு நொடிக்கு 14 துடிப்பு, துடிப்பொன்று 210 மைக்ரோநொடி. பையிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறும் உணர்வுச் சைகைகளை இது மட்டுப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. முடுக்கி என்று படித்தவர், வலி கூடினால் மின்னோட்டத்தையும் கூட்டலாம் என்றே நினைப்பார். அளவு மீறினால் ஆசனவாயில் இழுப்பும் காலில் துடிப்பும்தான் மிஞ்சும்.

ஆங்கிலத்தில் இதை 'நியூரோமாடுலேஷன்' என்கிறார்கள். மாடுலேஷனுக்கு வழங்கும் 'பண்பேற்றம்' வானொலிக்குரியது; இங்கே எந்த அலைமீதும் எதையும் ஏற்றவில்லை. என் பரிந்துரை: திருவெலும்பு நரம்புச் சீராக்கம். கணுக்கால் அருகே ஊசி வழியாகச் செய்யும் இதுபோன்ற நரம்புச் சிகிச்சைக்கும் இடப்பெயரை மாற்றினால் போதும்.

——

சீராக்கத்தை ஏற்கிறேன், அம்மா. ஆனால் 'தூண்டல்' சொல்லையும் கைவிடாதீர்கள். அறுவையின்போது நடப்பது தூண்டலேதான். ஆசனவாய்த் தசை சுருங்கி, கால் பெருவிரலும் மடங்கினால் தூண்டப்படுவது மூன்றாம் வேர். பெருவிரல் அசையாமல் ஆசனவாய் மட்டும் சுருங்கினால் நான்காவது. குதிகால் திரும்பினால் இரண்டாவது. செயலுக்குத் தூண்டல், சிகிச்சைக்குச் சீராக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கருவியை நிலையாகப் பதிக்குமுன் பயன் தருகிறதா என்று பார்க்கும் 'சோதனைக் கட்டம்'. இதை நோயறியும் சோதனை என்று எண்ணிவிடுவார்கள். வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறதே! தற்காலிகக் கம்பி என்றால் சில நாள், முள்கம்பி என்றால் ஒன்றிரண்டு வாரம். துடிப்பாக்கி உடலுக்கு வெளியே. சிறுநீர்க் குறிப்பேட்டில் பாதியளவாவது முன்னேற்றம் தெரிந்தால்தான் நிலையான கருவி. தற்காலிகக் கம்பி எளிதில் நகர்ந்துவிடும். நகர்ந்தால் சிகிச்சையே பயனற்றது என்று தவறாக முடிவுகட்ட நேரும். முள்கம்பியின் முட்கள் அதைத் திசுவில் பற்றிக்கொள்ளும் என்பதையும் கையேட்டுப் பதிவில் சேருங்கள்.

——

வெள்ளோட்டம் மிகப் பொருத்தம். ஒரு திருத்தம்: தலைப்பில் 'வலிக்கான கருவி' வேண்டாம். அமெரிக்காவில் 1997இல் அடக்கமுடியாச் சிறுநீர்க்கசிவுக்கும், 1999இல் அவசர-அடிக்கடிப் போக்குக்கும் அடைப்பில்லாத சிறுநீர்த் தேக்கத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பட்டியலில் வலி இல்லை. வலியோடு அவசரமும் அடிக்கடிப் போக்கும் உள்ளவர்களுக்கே இதைப் பெரிதும் எண்ணிப் பார்க்கிறார்கள். வலி மட்டும் உள்ளவர் வீண் நம்பிக்கையோடு கத்திக்குப் போகக்கூடாது. பதிவு இப்படி இருக்கட்டும்:

திருவெலும்பு நரம்புச் சீராக்கம் – திருவெலும்பு நரம்பு வேருக்கு மெல்லிய மின்துடிப்பு கொடுத்துச் சிறுநீர்ப்பையின் உணர்வுச் சைகைகளை ஒழுங்குபடுத்தும் சிகிச்சை. கருவி: நரம்புச் சீராக்கி. முன்கட்டம்: வெள்ளோட்டம். சிக்கல்கள்: கம்பி நகர்வு, கம்பி முறிவு, தொற்று, துடிப்பாக்கி இருக்கும் இடத்தில் வலி, நாளடைவில் பயன் குன்றல்.