வைரஸ் அதிகம் போட்டால் செல்கள் இணைய மறுக்கின்றன, ஏன்?

செல்விருட்சம்:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக பாரா இன்ஃப்ளுயன்சா 3 என்ற சுவாச நோய் வைரஸை சிவி-1 குரங்குச் சிறுநீரகச் செல்களில் வளர்க்கிறேன். ஒரே பிளேட்டில் மேல் வரிசைக்கு எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற கணக்கு) 0.01, கீழ் வரிசைக்கு 5. மேல் வரிசையில் பிரமாதமான காட்சி. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சவ்வு கலந்து, ஒரே பெரிய பைக்குள் இருபது முப்பது நியூக்ளியஸ் கூட்டமாகக் கிடக்கின்றன. கீழ் வரிசையில் ஒன்றுமே இல்லை. செல்கள் தனித்தனியாக, சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. வைரஸ் 500 மடங்கு அதிகம், இணைவு பூஜ்யம்! வழிகாட்டி "திரும்பச் செய்" என்கிறார், செய்தாலும் அதேதான். "எல்லாம் சர்க்கரை விவகாரம்" என்று ஒரு சீனியர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்தச் சர்க்கரை? மீடியத்தில் இருக்கும் குளுக்கோஸா?

பிப்பெட்_பாண்டி:
முதலில் கீழ் வரிசையில் தொற்று பிடித்ததா என்று பாருங்கள். மீடியத்தை எடுத்துவிட்டு, கினிப்பன்றி ரத்தச் சிவப்பணுவை 4 டிகிரியில் ஊற்றினால் தெரிந்துவிடும், தொற்றிய செல்லில் அது ஒட்டிக்கொள்ளும்.

செல்விருட்சம்:
பார்த்தேன் அண்ணா. செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சிவப்பணுக்களும் அப்பிக்கொள்கின்றன. ஆனால் 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் கொஞ்ச நேரத்தில் கழன்று மிதக்கின்றன.

முட்டைக்காரர்:
கழன்று மிதக்கின்றன என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நான் கால்நடைப் பக்கத்து ஆள், கருவுள்ள கோழிமுட்டையில் கோழி வைரஸ் வளர்த்தே காலம் போனது. இந்தப் பாராமிக்சோ குடும்பத்து வைரஸ்களின் குணம் எனக்குப் பழக்கம்.

குளுக்கோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செல்லின் வெளிச் சவ்வில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் கிளை கிளையாகச் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. பல கிளைகளின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். உங்கள் வைரஸின் மேற்பரப்பில் உள்ள எச்என் புரதம் பிடித்துக்கொள்வது அதைத்தான். பிடித்த கையோடு, பக்கத்தில் உள்ள எஃப் புரதத்தையும் அது உசுப்பிவிடுகிறது. எஃப் என்பது விசை ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி. தட்டிவிட்டால் விரிந்து எதிர்ச் செல்லின் சவ்வில் குத்தி, இரண்டு சவ்வையும் இழுத்து ஒட்டிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அதே எச்என் நியூராமினிடேஸ் நொதியும்கூட. பிடித்த சியாலிக் அமிலத்தைத் தானே வெட்டியும் விடும். இது புதுச் செய்தி அல்ல. ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1940களின் தொடக்கத்திலேயே இன்ஃப்ளுயன்சாவில் இதைக் கண்டார். வைரஸ் சிவப்பணுக்களைத் திரட்டுகிறது, சூடு காட்டினால் விட்டுவிடுகிறது, அப்படி விடுபட்ட அணுக்களை அதே வைரஸால் மறுபடி திரட்ட முடிவதில்லை. ஏற்பியை வைரஸே அழித்துவிட்டது என்று அவர் ஊகித்தார். அந்த ஏற்பி சியாலிக் அமிலம் என்று தெரிந்தது பிற்பாடுதான்.

இப்போது உங்கள் பிளேட்டுக்கு வருவோம். மேல் வரிசையில் தொற்றிய செல் ஒன்று, சுற்றிலும் தொற்றாத செல்கள், அவற்றின் சர்க்கரை முழுசாக இருக்கிறது. எச்என் பிடிக்கிறது, எஃப் பாய்கிறது. கீழ் வரிசையில் எல்லாச் செல்லும் தொற்றியவை. ஒவ்வொன்றும் எச்என்னை உற்பத்தி செய்து தன் மேலும் அக்கம்பக்கத்திலும் உள்ள சியாலிக் அமிலத்தை மழித்துத் தள்ளிவிட்டது. பொறிகள் ஏராளம், தட்டிவிட ஆள் இல்லை.

ஆன் மொஸ்கோனாவும் ரிச்சர்ட் பெலூசோவும் 1991இல் இதே வைரஸ், இதே சிவி-1 செல்லில் காட்டியது இது. நீடித்த தொற்றுள்ள செல்கள் தங்களுக்குள் இணையவே இல்லை, தொற்றாத செல்லைச் சேர்த்ததும் சட்டென்று இணைந்தன. தொற்றாத செல்லின் சியாலிக் அமிலத்தை நொதியால் நீக்கிவிட்டுச் சேர்த்தால் அதுவும் இல்லை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சோதனை. சியாலிக் அமிலம் இல்லாத செல்களையும் தொற்றிய செல்களையும் லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் புரதம்) போட்டு வலுக்கட்டாயமாக ஒட்ட வைத்தார்கள். ஒட்டின, ஆனால் இணையவில்லை! சவ்வுகள் நெருங்கினால் மட்டும் போதாது, எச்என் அந்தச் சர்க்கரையைப் பிடித்தாக வேண்டும். சர்க்கரையை வெறும் பசையாக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

பிப்பெட்_பாண்டி:
அப்படியானால் ஜனமிவிர் என்ற மருந்தைப் போட்டு நியூராமினிடேஸை அடக்கிவிட்டால் கீழ் வரிசையும் இணையுமே?

முட்டைக்காரர்:
அங்கேதான் பலர் குழம்புவார்கள். பாரா 3 எச்என்னில் அந்த மருந்து வெட்டுவதையும் தடுக்கும், பிடிப்பதையும் தடுக்கும். இணைவு கூடுவதற்குப் பதில் குறையத்தான் செய்யும். இன்னொன்று, யாராவது இதே சோதனையைக் வெள்ளைக்கழிச்சலுக்காகக் கோழிக்குப் போடும் லசோட்டா தடுப்பூசி வைரஸில் செய்து இணைவு வரவில்லை என்றால் சர்க்கரையைப் பழிக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் நோயின் வீரியமான வகைகளில் எஃப் புரதத்தை ஃபியூரின் என்ற நொதி செல்லுக்குள்ளேயே வெட்டித் தயார்படுத்திவிடும். லசோட்டாவுக்கு அந்த வெட்டைச் செய்ய வெளியிலிருந்து டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி வேண்டும்.

மலையாளக்கரை:
ஒரு சந்தேகம். 2018இல் கோழிக்கோட்டில் வந்த நிபாவும் இதே குடும்பம்தானே? அது பிடிப்பது எஃப்ரின் பி2 என்ற புரதத்தை என்று படித்தேன். அப்போது சர்க்கரைக்கு அங்கே வேலை இல்லையா?

முட்டைக்காரர்:
இருக்கிறது, ஆனால் தலைகீழாக. நிபாவின் ஜி புரதத்துக்குச் சியாலிக் அமிலமும் வேண்டாம், வெட்டும் வேலையும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது, நிபாவின் எஃப் புரதத்தின் மேலேயே தொங்கும் சர்க்கரைகள். அவற்றில் சிலவற்றை மரபணு மாற்றத்தால் நீக்கினால் இணைவு கூடுகிறது. ஆனால் எதிர்ப்புப் பொருள்களிடம் வைரஸ் எளிதில் மாட்டிக்கொள்கிறது. கேலக்டின் 1 என்று நம் உடம்பே சுரக்கும் லெக்டின் ஒன்று உண்டு. அது அந்தச் சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு இணைவைத் தடுக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதைச் சுரக்கின்றன, நிபா செல்களை இணைத்துச் சேதப்படுத்துவதும் முக்கியமாக அங்கேதான்.

செல்விருட்சம்:
நன்றி ஐயா. கீழ் வரிசைச் செல்களைப் பெயர்த்துப் புதுச் செல்களோடு கலக்கப்போகிறேன். டிரிப்சின் போட்டுப் பெயர்க்கலாமா?

முட்டைக்காரர்:
வேண்டாம் அம்மா, வெளியே நிற்கும் எச்என்னையும் எஃப்பையும் டிரிப்சின் கடித்துவிடலாம். ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை மட்டும் போட்டுப் பொறுமையாகப் பெயருங்கள். புதுச் செல்களுக்கு முன்கூட்டியே ஒரு சாயம் ஏற்றிக்கொண்டால் எது யாருடைய நியூக்ளியஸ் என்று தெரியும். கூடவே பிளேட்டின் ஒரு குழிக்கு (வெல்), குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் நியூராமினிடேஸால் சியாலிக் அமிலம் நீக்கிய புதுச் செல்களைப் போடுங்கள். அது இல்லாமல் வழிகாட்டியிடம் போனால் மறுபடியும் "திரும்பச் செய்" என்பார்.