மணாலி, மணிகரண் வெந்நீர் ஊற்றுகளில் பெரியவர்கள் நீராடலாமா?

கேள்வி: வைகைக்கரை

வணக்கம். மே மாத இறுதியில் அம்மாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு மணாலிக்குச் செல்லவிருக்கிறோம். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள், இருவருக்கும் மூட்டுவலி உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. வசிஷ்ட், மணிகரண், கீர்கங்கா ஆகிய இடங்களில் இயற்கையான வெந்நீர் ஊற்றுகள் இருப்பதாக அறிந்ததிலிருந்து, ஒன்றிலாவது நிதானமாக நீராடிவிட வேண்டும் என்று அம்மா மிகவும் ஆவலாக இருக்கிறார். எந்த இடம் அவர்களுக்கு ஏற்றது, பெண்களுக்கு மறைவான வசதி உண்டா, எவ்வளவு நேரம் நீரில் இருக்கலாம் என்பதைச் சென்று வந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: மலைவழி

கீர்கங்காவை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். பர்ஷைணி என்ற ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் மலையேறி, ஏறத்தாழ 2,950 மீட்டர் உயரத்துக்குச் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது நீராடலாக இராது, தண்டனையாகவே இருக்கும்.

என் தேர்வு வசிஷ்ட்தான். மணாலியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், பியாஸ் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது. கோயிலை ஒட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள் உள்ளன. பெண்கள் பகுதி சுவர் எழுப்பி மறைக்கப்பட்டிருக்கிறது. மதியத்துக்குள் கூட்டம் நெருக்கத் தொடங்கிவிடும் என்பதால், விடியற்காலையில் செல்வது நல்லது. நீரில் கந்தக வாடை இருக்கும். அந்த நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதால், மெட்டியையும் கொலுசையும் விடுதியிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். குளத்தில் இறங்குமுன் குழாயடியில் உடலைக் கழுவிக்கொள்வதும், சோப்பைக் குளத்துக்குள் கொண்டு செல்லாதிருப்பதும் பின்னால் வருபவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பதில்: கொடிவேரி

மலைவழி சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் மணிகரணைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். அங்கே பார்வதி ஆறு பனி உருகிய நீராகப் பாய்ந்துகொண்டிருக்க, அதன் கரையிலேயே கொதிநிலையை நெருங்கிய நீர் பாறைகளுக்கிடையிலிருந்து ஆவியோடு பொங்கி வருகிறது. இமயமலையில் இங்கெல்லாம் எரிமலை கிடையாது. மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டால் காய்ந்து, வேறொரு பிளவின் வழியே மேலேறி வருகின்றன. அங்குள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் பொதுச் சமையலுக்கான அரிசியையும் பருப்பையும் பெரிய பாத்திரங்களில் இட்டு அந்த ஊற்றிலேயே இறக்கி வேகவைக்கிறார்கள். பக்தர்களும் அரிசியைத் துணியில் முடிந்து கயிற்றில் கட்டி இறக்குவார்கள். உங்கள் அம்மா அதை நெடுநேரம் நின்று பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

நீராடுவதற்குக் குளிர்ந்த நீர் கலந்த தனிக் குளங்கள் உள்ளன, பெண்களுக்கும் தனியிடம் உண்டு. குருத்வாராவுக்குள் தலையை மூடிக்கொள்ள ஒரு துணியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

பதில்: தாதியர்குரல்

நான் செவிலியராகப் பணிபுரிபவள் என்பதால் உடல்நலம் குறித்து மட்டும் எழுதுகிறேன். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதங்களில் உணர்வு குறைந்திருக்கலாம். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. மணிகரணில் குருத்வாராவுக்குள் காலணி இல்லாமல் நடக்க வேண்டும், ஊற்றுகளை ஒட்டிய கல்தரையே சில இடங்களில் கடுமையாகச் சுடும். அம்மாவைக் கனமான காலுறை அணியச் சொல்லி, மரப்பலகை இட்ட பாதையிலேயே நடத்திச் செல்லுங்கள். குளத்தில் இறங்குமுன் நீரின் சூட்டை நீங்களோ அத்தையோ கையால் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் காலை நம்ப வேண்டாம். பாதத்தில் ஆறாத புண் இருந்தால் நீராடலையே தவிர்த்துவிடுங்கள்.

சூடான நீரில் இரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ நேரிடும். ஈரக் கல்லில் விழுவது இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். இடுப்பளவு நீரில், ஒரு முறைக்கு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளியே வந்ததும் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். வெறும் வயிற்றோடும் இறங்கக் கூடாது, வயிறு நிறைய உண்ட உடனேயும் கூடாது.

இன்னொன்று, யாரும் தலையை முக்க வேண்டாம். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கிய அமீபா போன்றவை வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்பவை, மூக்கின் வழியாகவே உள்ளே செல்பவை. அரிதான நோய்தான் என்றாலும், வந்தால் பிழைப்பது மிகக் கடினம்.

பதில்: வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வசிஷ்டில் காலையில் நீராட்டு, மணிகரணில் தரிசனம் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மணிகரண் மணாலியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்பதால், ஒரே நாளில் சென்று திரும்புவது அம்மாவுக்குக் களைப்பாக இருக்குமா?

பதில்: மலைவழி

களைப்பாகத்தான் இருக்கும், வழியிலுள்ள பூந்தர் என்ற ஊருக்கு அப்பால் பாதை குறுகி வளைந்து செல்கிறது. மணாலியிலிருந்து ஊர் திரும்பும் நாளில் மணிகரணை வழியில் சேர்த்துக்கொண்டு, அன்றிரவு கசோலில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து மணிகரண் சில கிலோமீட்டர் தொலைவுதான்.