பிரேக் பெடல் சில நேரம் மட்டும் தரை வரை இறங்குகிறது

கேள்வி: ஓடும்போது காரின் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் சிக்னலில் காலை லேசாக வைத்துக்கொண்டு நிற்கும்போது சில நாள் மட்டும் பெடல் மெல்ல மெல்லத் தரை வரை போய்விடுகிறது. பிரேக் ஆயில் குறையவில்லை, கசிவும் இல்லை. மெக்கானிக் பார்க்கும்போது சரியாக இருக்கிறது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி, பயமாக இருக்கிறது.

பதில் 1: முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலைச் சக்கர பிரேக்குகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம். உள்ளே ரப்பர் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே வராது, சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்னால் போய்விடும், அதனால்தான் அளவு குறையவில்லை. ஓங்கி மிதித்தால் சீல் விரிந்து பிடித்துக்கொள்ளும், லேசாக மிதித்தால்தான் நழுவும். நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே சீராக ஒரு நிமிடம் லேசாக அழுத்திப் பிடியுங்கள்; மெல்லக் கீழே இறங்கினால் சந்தேகம் உறுதி.

பதில் 2: ஆயில் பழசா? அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலுக்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை வேண்டும், ஈரம் ஏறியதற்கு 155 போதும். ஆனால் ஈரத்தால் ஆயில் கொதிக்கும் கோளாறு பிரேக் சூடேறிய பிறகுதான் வரும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை.

கேட்டவர்: பிடித்துப் பார்த்தேன், 40 விநாடியில் கால் தரையைத் தொட்டுவிட்டது. இழுவை வண்டியில் அனுப்புகிறேன். ரொம்ப நன்றி.