உள்நாட்டு நிகழ்ச்சி ஒதுக்கீடு தணிக்கை ஆகுமா?

கேள்வி: திருப்பரங்குன்றம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பட்டிமன்றத்தில், "தொலைக்காட்சியில் உள்நாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கட்டாய ஒதுக்கீடு செய்வது தணிக்கையே" என்று பேசும் அணியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அமைந்த அணி என்பதால், இதுவே என் சொந்தக் கருத்து என்று கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வணிகத் தொலைக்காட்சிகளின் முதன்மை அலைவரிசை காலை 6 மணி முதல் நள்ளிரவு வரையிலான நேரத்தில் 55 விழுக்காட்டை அந்நாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்க வேண்டும். பிரான்சில் ஒளிபரப்பாகும் திரைப்படங்களிலும் தொடர்களிலும் 60 விழுக்காடு ஐரோப்பியப் படைப்புகளாகவும், 40 விழுக்காடு பிரெஞ்சு மொழியில் உருவானவையாகவும் இருக்க வேண்டும். இவற்றை நூலகத்தில் படித்துக் குறித்துக்கொண்டேன்.

என் வாதம் எளியது. ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். அதில் பாதியை அரசு பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டால், வெளியூர்ச் சரக்கில் ஒரு பகுதிக்கு இடமில்லாமல் போகும். காட்சியைக் கத்தரித்தாலும், காட்டுவதற்கு நேரம் இல்லாமல் செய்தாலும், பார்ப்பவருக்கு அது வந்து சேரவில்லை என்பது ஒன்றுதானே? ஆனால் எதிரணியினர், "எந்தக் கருத்தையும் தடுக்கவில்லை, எந்த வசனத்தையும் நீக்கவில்லை, இதில் தணிக்கை எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். அதற்கு வலுவான மறுமொழி எனக்குத் தெரியவில்லை.

மனத்தளவில் எனக்கு ஒதுக்கீட்டின் பக்கமே சாய்வு உண்டு. என் அக்கா மகனுக்கு ஐந்து வயது. மொழிமாற்றம் செய்த கார்ட்டூன்களையே பார்த்து வளர்வதால், "சித்தி, நாம் இப்பொழுது என்ன செய்யப் போகிறோம்?" என்று எங்கள் தெருவில் எவரும் பேசாத ஒரு தமிழில் கேட்கிறான். கேட்கும்போது சிரிப்பு வருகிறது; பிறகு சற்று வருத்தமாகவும் இருக்கிறது.

மறுமொழி: உலகனேரி வழக்கறிஞர்

அன்புள்ள மாணவிக்கு, உங்களுக்கு வேண்டிய மறுமொழியை நம் உச்ச நீதிமன்றமே தந்திருக்கிறது. ஆனால் அது தொலைக்காட்சியைப் பற்றியதன்று, செய்தித்தாளைப் பற்றியது. 1956-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நாளிதழ் இன்ன விலைக்கு இத்தனை பக்கங்கள்தாம் தரலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. பெரிய நாளிதழ்கள் குறைந்த விலைக்கு நிறைய பக்கங்களை அள்ளிக் கொடுத்தால் சிறிய நாளிதழ்கள் நிலைக்க முடியாது, ஆகவே மெலிந்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதே அரசு சொன்ன காரணம். உள்நாட்டு ஒதுக்கீட்டுக்கு இன்று கூறப்படும் காரணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. புனேயிலிருந்து வெளிவந்த சகால் என்ற மராத்தி நாளிதழின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அச்சட்டம் எந்தச் செய்தியையும் தடை செய்யவில்லை. எந்தத் தலையங்கத்தையும் முன்கூட்டிக் காட்டச் சொல்லவில்லை. ஆயினும் பக்கத்தைக் குறைப்பதும், விலையை ஏற்றச் செய்து வாசகரைக் குறைப்பதும் பேச்சுரிமையையே நேராகத் தொடுகின்றன என்றும், பொதுநலன் என்ற காரணத்தைக் காட்டி வணிகத்தைக் கட்டுப்படுத்தலாமே தவிரப் பேச்சைக் கட்டுப்படுத்த இயலாது என்றும் நீதிமன்றம் கருதியது. அரசமைப்புச் சட்டத்தின் 19(2) பிரிவில் பேச்சுரிமையை எவ்வெக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியல் உள்ளது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு முதலியன அதில் உண்டு. உள்ளூர்த் தொழிலை வளர்ப்பது அதில் இல்லை. 1972-இல் அச்சுத்தாள் இறக்குமதிக் கொள்கை நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க வரம்பு விதித்தபோதும் இதே வழியில்தான் தீர்ப்பு வந்தது.

ஆகவே "எதையும் வெட்டவில்லையே" என்ற எதிரணி வாதம் நம் நாட்டுச் சட்டத்தில் அவ்வளவு எளிதாக நிற்காது. இந்த இடத்தை நன்றாகப் பேசுங்கள், நடுவர் எழுதிக்கொள்வார்.

அதே வேளையில், எதிரணியில் படித்தவர் ஒருவர் இருந்தால் உங்களுக்கு நெருக்கடி தரக்கூடிய தீர்ப்புகள் இரண்டு. முதலாவது, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995-இல் வந்தது. ஒளிபரப்பைச் சுமந்து செல்லும் அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து, அதைப் பயன்படுத்துபவர் பொதுநலனுக்கு உட்பட்டே பயன்படுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. அச்சுக்கூடம் அதன் உரிமையாளருடையது, அலைக்கற்றை அப்படியன்று. இரண்டாவது, திரையரங்குகள் பற்றியது. அந்தக் காலத்தில் நம் தங்கம் தியேட்டரிலோ வேறெந்தக் கொட்டகையிலோ படம் தொடங்குமுன் அரசின் செய்திப்படம் ஓடும். வெள்ளமும் அணையும் அமைச்சரும் திரையில் வந்து போகும்வரை பாதிப்பேர் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் திரையிட வேண்டும் என்ற விதியை எதிர்த்துத் திரையரங்கினர் தொடுத்த வழக்கில், மக்களுக்குத் தகவலும் அறிவும் தரும் நோக்கம் கொண்டது என்பதால் அவ்விதி செல்லும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நேரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் விதி எல்லாமே தணிக்கை ஆகிவிடாது என்பதற்கு எதிரணி காட்டக்கூடிய சான்று இது.

என் சொந்தக் கருத்து, தணிக்கையின் அடையாளம் கத்தரிக்கோல் அன்று, படைப்பின் உள்ளே எட்டிப் பார்க்கும் கண் என்பதுதான். கனடாவில் ஒரு நிகழ்ச்சி கனடா நாட்டுடையதா என்பதைப் புள்ளிக் கணக்கில் முடிவு செய்தார்கள். தயாரிப்பாளர் கனடியராக இருக்க வேண்டும்; இயக்குநருக்கு இரண்டு, கதை எழுதியவருக்கு இரண்டு, முதன்மை நடிகருக்கு ஒன்று, ஒளிப்பதிவாளருக்கு ஒன்று என்று பத்துக்குக் குறைந்தது ஆறு பெற வேண்டும். கதை எந்த ஊரில் நடக்கிறது, யாரைப் புகழ்கிறது, யாரை ஏசுகிறது என்று எவரும் கேட்பதில்லை. அது ஊதியம் யாருக்குப் போகிறது என்று பார்க்கும் விதி. அதைத் தொழில்காப்பு என்பேன். தணிக்கை என்று சொல்ல என் நா எழாது. அந்தக் கணக்கிலும் கேலிக்கூத்து உண்டு. வானொலிக்கான இதே போன்ற விதியின்படி, கனடாவிலேயே பிறந்த பாடகர் பிரையன் ஆடம்ஸின் 1991-ஆம் ஆண்டு இசைத்தொகுப்புப் பாடல்கள், வெளிநாட்டவர் ஒருவருடன் சேர்ந்து எழுதப்பட்டவை என்பதால் கனடியப் பாடல்களாகக் கணக்கில் சேரவில்லை. பெரும் கூச்சல் எழுந்த பிறகு விதியைத் திருத்தினார்கள்.

மறுமொழி: செல்லூர்க்காரர், வடபழனியிலிருந்து

நான் மொழிமாற்றுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைப்பவன். மாணவியின் அக்கா மகன் பேசும் தமிழில் என்னைப் போன்றோரின் பங்கும் உண்டு என்பதால் முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தத் தமிழ் ஏன் அப்படி இருக்கிறது என்றால், திரையில் உதடு அசையும் நேரத்துக்குள் சொல் அடங்க வேண்டும். எந்த மாவட்டத்துக்கும் உரியதாகத் தெரியவும் கூடாது. மதுரைத் தமிழில் எழுதினால் கோயம்புத்தூர்க்காரருக்குப் பிடிக்காது என்று நிலையத்தார் முன்பே சொல்லிவிடுவார்கள்.

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்க விரும்புகிறேன். "உள்நாடு" என்பது எது? இந்தியாவில் இப்படியொரு ஒதுக்கீடு வந்தால், மும்பையில் எடுத்து நான் தமிழில் வசனம் எழுதிக் கொடுக்கும் இந்தித் தொடர் உள்நாட்டுச் சரக்காகிவிடும். யாழ்ப்பாணத்தில் தமிழர்கள் தமிழிலேயே எடுத்த நாடகம் வெளிநாட்டுச் சரக்காகிவிடும். கனடாவின் புள்ளிக் கணக்கு ஆளின் குடியுரிமையைப் பார்க்கிறது; பிரான்சின் 40 விழுக்காடு மொழியைப் பார்க்கிறது. நமக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதற்குள்ளேயே பெரிய சண்டை வந்துவிடும். தேசிய ஒளிபரப்பு என்ற பெயரில் 1980-களில் இரவு நேரத்தில் தூர்தர்ஷனில் இந்தி ஓடியபோது, அதுவும் உள்நாட்டு நிகழ்ச்சிதான். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் பெட்டியை அணைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, இடத்தை மறுப்பது அரசாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தில் வேற்றுமொழிப் படங்களைக் கன்னடத்தில் மொழிமாற்றம் செய்யக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. திரையுலகச் சங்கங்களே கூடி அதை நடத்திவந்தன. 2015-இல், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் அது போட்டிக்கு எதிரானது என்று கூறி அபராதம் விதித்தது. மேற்கு வங்கத்தில் இந்தி மகாபாரதத் தொடரை வங்காளியில் மொழிமாற்றி ஒளிபரப்பியதை நிறுத்த வேண்டும் என்று கலைஞர், தொழில்நுட்பர் அமைப்புகள் நிலையங்களை நெருக்கின. அதுவும் போட்டிச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சங்கத்தில் இருப்பவர்கள் என் தோழர்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் போராடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வென்றால் நான் வேலையிழப்பேன். நானும் உள்நாட்டுத் தொழிலாளிதான் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

மறுமொழி: உசிலம்பட்டி கேபிள்

தங்கச்சி, 24 மணி நேர வாதத்தை அப்படியே மேடையில் வைத்தால் அடிபடும். எங்கள் சந்தாதாரர் வீட்டில் பாதிப்பேர் இப்போது கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். அங்கே நேரம் என்ற கணக்கே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திருத்திய விதிப்படி, இணையக் காணொளிச் சேவைகளின் பட்டியலில் 30 விழுக்காடாவது ஐரோப்பியப் படைப்புகள் இருக்க வேண்டும். அதற்காக எதையும் எடுத்துவிட வேண்டியதில்லை, கூடுதலாகச் சேர்த்தால் போதும் என்று எதிரணி சொல்லும். அப்போது, "சேர்ப்பதற்குப் பணம் வேண்டும், வெளிநாட்டுப் படங்களில் பத்தை நீக்கினாலும் அதே விழுக்காடு வந்துவிடும், அதற்குச் செலவே இல்லை" என்று திருப்பிக் கேளுங்கள். கடைக்காரன் எந்த வழியை எடுப்பான் என்று எனக்குத் தெரியும், நானும் கடை வைத்திருப்பவன்தானே.

மறுமொழி: பரமக்குடி நேயர்

எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது; தொலைக்காட்சியைவிட வானொலியே எனக்குத் தெரிந்த பொருள். 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார். செவ்வியல் இசைக்கே நேரம் ஒதுக்கப்பட்டது. விளைவு என்ன? நாங்கள் எல்லோரும் இலங்கை வானொலிக்குப் போய்விட்டோம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பாட்டே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. 1957-இல் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித் பாரதி சேவையைத் தொடங்கியதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். ஆனாலும் எங்கள் பக்கத்துக் காதுகள் அதற்குப் பிறகும் நெடுநாள் கொழும்பைவிட்டுத் திரும்பவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, விரட்டப்பட்டது வெளிநாட்டுச் சரக்கன்று என்பதே. சென்னையில் உருவான பாட்டுதான் போனது. எது நல்ல உள்நாட்டுப் பண்பாடு என்று ஒருவர் முடிவு செய்யத் தொடங்கினால், முதலில் அடிபடுவது உள்நாட்டில் அவருக்குப் பிடிக்காததுதான்.

கேள்வி கேட்டவர்: திருப்பரங்குன்றம் மாணவி

ஐயா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. சகால் வழக்கை முதலிலும் வானொலியை இறுதியிலும் வைத்துக்கொள்கிறேன். வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம். ஆளைப் பார்க்கும் விதி தொழில்காப்பு, பொருளைப் பார்க்கும் விதி தணிக்கை என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். ஆளைப் பார்க்கும் விதியும் ஒரே நாளில் முழுத்தடையாக மாறிவிடாதா? பாகிஸ்தானில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பத்து விழுக்காடு வரை அனுமதி இருந்து, 2016-இல் இந்திய நிகழ்ச்சிகளுக்கு முற்றிலும் தடை வந்ததாகப் படித்தேன். அதுபோல, பொருளைப் பார்க்கும் ஒதுக்கீடு நம் நாட்டிலேயே உண்டா?

மறுமொழி: உலகனேரி வழக்கறிஞர்

மாறும். ஒதுக்கீட்டை நடத்தும் அலுவலகம் ஏற்கெனவே அமைந்திருப்பதால், எல்லையில் சூடு பிடிக்கும்போது பத்தைச் சுழியமாக்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். பாகிஸ்தான் எடுத்துக்காட்டு உங்கள் அணிக்கு மிகவும் பொருந்தும். நான் பிரித்த கோடு அங்கே கலைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை, உண்டு. ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, தனியார் அலைவரிசைகள் நாள்தோறும் 30 நிமிடம் பொதுநலன் சார்ந்த நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும். விளையாட்டு, வனவிலங்கு, வெளிநாட்டு மொழி அலைவரிசைகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கல்வி, வேளாண்மை, உடல்நலம், அறிவியல், பெண்கள் நலன், நலிந்த பிரிவினர் நலன், சுற்றுச்சூழலும் பண்பாட்டு மரபும், தேசிய ஒருமைப்பாடு என்று எட்டுத் துறைகளை நெறிகளே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. எடுத்தவர் யார் என்று கேட்கவில்லை. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்கிறது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்பதே இதற்கும் அடிப்படை. எட்டில் முதல் ஏழு துறைகளை எவரும் மறுக்கமாட்டார்கள். எட்டாவதற்குள் எது அடங்கும், எது அடங்காது என்று யார் முடிவு செய்வது என்பதை நடுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மணி அடிக்குமுன் அமர்ந்துவிடுங்கள்.