“ஆண்டவர் ஏன் இதை அனுமதித்தார்?” – இந்தக் கேள்வியோடு நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கொல்லிமலைக்காரி:

எங்கள் கல்லூரி ஜெபக்குழுவுக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது. பிரசங்கக் குறிப்பு வேண்டாம். நேரில் யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

வேலூர்ப் பக்கம் பிசியோதெரபி படிக்கிறேன். தொழுநோய்ப் பிரிவில் பயிற்சி போட்டிருந்தார்கள். மருந்து சாப்பிட்டுக் கிருமி எப்போதோ போய்விட்ட தாத்தா ஒருவர் வந்தார். உள்ளங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கொப்புளம். டீ டம்ளர் பிடித்த கை. “ரொம்ப சூடா இருந்துச்சா தாத்தா?” என்றேன். “அது உனக்குத்தாம்மா தெரியும், எனக்கெப்படித் தெரியும்?” என்றார். தினமும் அவர் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பார்த்துக் காயம் தேட வேண்டும். உள்ளங்காலுக்குக் கண்ணாடி. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்கிறது.

இதை உலகத்துக்கு விளங்கவைத்தவர்களில் டாக்டர் பால் பிராண்ட் முக்கியமானவர். 1914இல் எங்கள் கொல்லிமலையில் பிறந்தவர் (அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்). 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி செத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் குறைந்துபோகிறது என்று காட்டினார். ராத்திரி எலி கடித்தது தெரியாமல் தூங்கியவர்கள் உண்டு. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் அவரும் குழுவினரும் செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி செய்து பார்த்தார்கள். சத்தம் எழுப்பினால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தால் கருவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அதனால் வலி ஒரு காவல் என்று ஜெபக்குழுவில் தைரியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதில் பாதித் தூரம்தான் கூட வரும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவரின் வலி எதையும் காப்பாற்றுவதில்லை. மிஷனரியாக இருந்த பிராண்டின் அப்பா 1929இல் கொல்லிமலையில் காய்ச்சல் கண்டு இறந்தபோது மகன் இங்கிலாந்தில் பள்ளி மாணவன். அந்தச் சாவு எதற்குக் காவல்? அம்மா ஈவ்லின் மலையை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் இறந்தார். கணவர் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம். எங்கள் பாட்டிக்கு அவரைப் பார்த்த ஞாபகம் உண்டு. “ஏன் போகலேன்னு யாரும் கேக்கல, அதும் சொல்லல” என்பார்.

அக்கரைப்பேட்டை:

நாகப்பட்டினத்துக்காரன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் யாத்திரை வந்த கூட்டம். சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். என் அக்காவும். நான் கைக்குழந்தை, எனக்கு ஒன்றும் நினைவில்லை.

கல்லூரி வந்த பிறகு ஒரு கூட்டத்தில் பேசிய அண்ணன், அது கடற்கரையின் பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்றார். கூட்டம் முடிந்ததும் லூக்கா 13ஐத் திறந்து காட்டினேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இயேசுவே “அப்படியல்ல” என்கிறார். அண்ணன் விடவில்லை. “அடுத்த வரியையும் வாசி தம்பி, மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்னு இருக்கு” என்றார். இருக்கிறதுதான். ஆனால் அது உயிரோடு நிற்பவர்களைப் பார்த்துச் சொன்னது. செத்தவர்கள்மேல் பழி போடக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. “அவரு நல்லாயிருக்கட்டும். எனக்கும் ஆண்டவருக்கும் சண்டைதான். ஆனா பேச்சுவார்த்தை நிக்கல” என்றார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் என் அம்மா.

எபிகூரஸ் ரசிகன்:

விசுவாசத்தை விட்டவன், மன்னிக்கவும். துன்பத்தை ஒழிக்கக் கடவுளுக்கு விருப்பமிருந்தும் முடியவில்லையா, முடிந்தும் விருப்பமில்லையா என்று, கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் பெயரில் வழங்கும் பழைய கேள்வியிலேயே நிற்கிறேன். மனிதனுக்குச் சுயாதீனம் (நல்லதையோ கெட்டதையோ தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்) கொடுத்தால் தீமைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும் என்று கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் வாதிட்டார். கடவுளும் தீமையும் சேர்ந்து இருப்பதில் தர்க்க முரண் இல்லை என்பதை அதன்பிறகு நாத்திகத் தத்துவவாதிகளில் பலரே ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தட்டு நகர்ந்ததில் யாருடைய சுயாதீனம் இருந்தது? மேலே அந்த அம்மா சொன்னதுக்கு மட்டும் என்னிடம் எதிர்வாதம் இல்லை.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களில் குண்டு வெடித்த நாள்: கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, எங்கட ஊரில் சீயோன் தேவாலயம். ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளும் அதில் போனார்கள். இங்கே சுயாதீனத்தைப் பற்றிப் பேசலாம், குண்டைக் கட்டியது மனிதன்தானே. எங்கள் வாலிபர் கூட்டத்திலும் அதைத்தான் சொன்னார்கள். வந்தவனுடைய விருப்பத்துக்கு இடம் இருந்தது, அந்தப் பிள்ளைகளுடைய விருப்பத்துக்கு எங்கே இடம் என்று நான் கேட்டேன். ஒருவரும் கோபப்படவில்லை, பதிலும் வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பிள்ளையை இழந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஏதோ சொல்லத்தான் செய்தார்கள். “ஆண்டவர் நல்ல பூவைப் பறிச்சுக்கொண்டார்” என்று ஒருவர் சொல்ல, அந்தத் தாய் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அங்கே ஒரு பெரியம்மா ஏற்கெனவே சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் இரண்டு மகன்மாரைக் கொடுத்தவர். சகலமும் நன்மைக்காகவே நடக்கிறது என்கிற ரோமர் 8:28ஐ அவர் சொல்லவில்லை. “பிள்ள, பிளேன்டீ குடி” என்றார். பக்கத்தில் ஒரு பலகையில் குந்திக்கொண்டார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார்.

வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர்களைத் திட்டுவது எங்களுக்குப் பழக்கம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது நல்லாத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் வினை. கடைசியில் கர்த்தர் கோபப்படுவது அவரை நியாயப்படுத்தப் பேசியவர்கள்மேல். கேள்வி கேட்டு வழக்காடிய யோபுவைத்தான் சரியாகப் பேசியவன் என்கிறார். செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். “ஏன்” என்று கேட்கிற மாணவனுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு இடங்களைத்தான். சுயாதீனம், இயற்கை விதி எல்லாம் பிறகு, அவன் கேட்டால்.

எபிகூரஸ் ரசிகன்: நான் கேட்பேன். 🙂

கொல்லிமலைக்காரி:

கேளுங்கள். வெள்ளிக்கிழமை கூடுகையில் 88ஆம் சங்கீதம் எடுக்கிறோம். முடிவுவரை இருட்டாகவே போகும் சங்கீதம் அது. அதோடு பாட ஒரு பாட்டு வேண்டும். நான் தேடிய கீர்த்தனை, பாமாலை எல்லாமே கடைசிச் சரணத்தில் சந்தோஷத்துக்குத் திரும்பிவிடுகின்றன. திரும்பாத பாட்டு யாருக்காவது தெரிந்தால் வியாழனுக்குள் போடுங்கள்.