ப்ரூல் திருடனா, திறமைசாலியா?

கேள்வி: ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே நதியோரம் 'ப்ரூல் மேல்தளம்' என்று ஒரு இடம் இருக்கிறதே, அந்த ஹைன்ரிஹ் ஃபான் ப்ரூல் யார்? ட்ரெஸ்டனைத் தலைநகராகக் கொண்டிருந்த சாக்சனி நாட்டைத் திவாலாக்கியவர் என்கிறார்கள், உண்மையா?

பதில் 1: பாதி உண்மை. 1700ல் பிறந்தவர், 1719ல் சாக்சனியையும் போலந்தையும் சேர்த்து ஆண்ட அகஸ்டஸ் மன்னரின் அரண்மனையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். 1733ல் மன்னர் போலந்தின் வார்சாவில் இறந்ததும் போலந்து கிரீடத்தையும் நகைகளையும் பத்திரப்படுத்தி ட்ரெஸ்டனுக்குக் கொண்டுபோய் மகனிடம் சேர்த்தார் பாருங்கள், அங்கேதான் ஆள் ஜெயித்தது! அப்புறம் புது ராஜாவுக்கு ஓவியமும் வேட்டையும், இவருக்கு கஜானா. 1746ல் பிரதம மந்திரி.

பதில் 2: சாக்சனியின் புகழ்பெற்ற மைசன் பீங்கான் ஆலையும் இவர் கையில்தான். தன் வீட்டுக்கென்று 1737 முதல் 1742 வரை செய்யவைத்த 'அன்னப்பறவை' விருந்துப் பாத்திரங்கள் மட்டும் 2,000க்கு மேல்.

பதில் 3: பீங்கானை விடுங்கள், படையைப் பாருங்கள். செலவைக் குறைக்கிறேன் என்று ராணுவத்தைச் சுருக்கிவிட்டு, பக்கத்து நாடான பிரஷ்யாவின் மன்னர் ஃபிரெடெரிக்கைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 1756ல் அவர் உள்ளே நுழைந்தார், பிர்னா அருகே சாக்சனிப் படை மொத்தமாகச் சரணடைந்தது, ராஜாவும் மந்திரியும் வார்சாவுக்குப் போய்விட்டார்கள். போரின் சுமை முழுக்க ஜனங்கள் தலையில்.

பதில் 1: சரி, அது மறுக்க முடியாதது. 1763 அக்டோபரில் முதலில் ராஜா இறந்தார், அதே மாதக் கடைசியில் ப்ரூலும் போய்ச்சேர்ந்தார். சொத்தை முடக்கி விசாரணை வைத்தார்கள், பிறகு பிள்ளைகளுக்கே திரும்பியது. அவருடைய ஓவியங்களை 1769ல் ரஷ்யாவின் பேரரசி கேத்தரின் வாங்கினார், பலவற்றை அங்குள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.